சிவப்பு மட்டும் காட்டிய பேனா

அவளை எல்லோரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாக ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவள். பெற்ற தாயே "மழை வருது" என்றாலும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பாள். பிறவிக் குணம், என்ன செய்வது!

அன்றைக்கு வழக்கத்தைவிட உஷாராக இருந்தாள். மறுநாளிலிருந்து மகள் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் இறங்கிக் கல்லூரிக்குப் போகப் போகிறாள். லைசென்ஸ் வாங்கி முழுசாக மூன்று மாதம் ஆகவில்லை. அந்தப் பயத்தில்தான் தெருமுனைக் கடையை விட்டுவிட்டு, கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கே வண்டியைக் கொண்டுவந்திருந்தாள்.

ஆயில் மாற்றத்தான் விட்டிருந்தாள். பதினொரு மணிக்கு டை கட்டிய அட்வைசர் டேப்லெட்டும் கையுமாக எதிரே வந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படியொரு கவலை.

"மேடம், ஒம்பது விஷயம் உடனே செஞ்சாகணும். பாப்பா ஓட்டப்போற வண்டி வேற. நாளைக்கு ஒண்ணுன்னா நமக்குத்தானே மனசு கேக்காது?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். பாம்பின் கால் பாம்பறியாதா? அவளுடைய லேபிலும் சர்க்கரை மட்டும் பார்க்க வருகிறவர் தலையில் பதினாலு டெஸ்ட் சேர்ந்த 'முழு உடல் பேக்கேஜ்' ஒன்றைக் கட்டிவிடுவார்கள். "உங்க வயசுக்கு இது நல்லது சார்" என்று இதே குரலில் அவளே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

"ஒவ்வொண்ணா சொல்லுங்க. அளந்து காட்டினா செய்யலாம்."

"இன்ஜினை உள்ள கழுவணும்..."

"அழுக்கு இருக்குன்னு எப்படிப் பாத்தீங்க?"

"அது... பொதுவா எல்லாரும் செய்றது மேடம்."

"லிஸ்ட்ல இருந்து அடிச்சிடுங்க."

ஏசிக்கு மருந்தடிப்பது, அடிப்பாகத்துக்குப் பூச்சு என்று ஏழு அயிட்டம் அப்படியே போயின. மிஞ்சியது பிரேக் ஆயிலும் முன்சக்கரத்து பிரேக் பேடும்தான். பேட் தேய்ந்துவிட்டது என்று டேப்லெட்டில் ஒரு படத்தைக் காட்டினார்.

பிரேக் ஆயிலைச் சோதிக்க அட்வைசரிடம் பேனா மாதிரி ஒரு கருவி இருந்தது. ஆயிலில் முனையை வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. "பாருங்க, தண்ணி சேர்ந்துடுச்சு" என்றார் வெற்றியோடு.

லேப் அக்கா தினமும் காலையில் விடை முன்பே தெரிந்த மாதிரி ஒன்றைப் போட்டு மெஷினைச் சோதித்த பிறகுதான் வேலையையே தொடுவாள்.

"புது பிரேக் ஆயில் பாட்டில் ஒண்ணத் தெறந்து அதுல வைங்க."

வைத்தார். அதிலும் சிவப்பு.

அட்வைசருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அவளுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். கையும் களவுமாகப் பிடித்தாயிற்றே! "நீங்க காட்டுற பேட் படமும் எவன் வண்டியோ, யாருக்குத் தெரியும்? ரெண்டையும் அடிங்க. வண்டியக் குடுங்க."

மகள் வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அவளிடம் கதையைக் கண்ணு காது மூக்கு வைத்துச் சொல்லிக்கொண்டே வாசலை நெருங்கும்போது, மெக்கானிக் ஒருவர் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்.

"அக்கா, அந்தப் பேனா கெட்டுப் பத்து நாளாச்சு. சொல்லியும் யாரும் மாத்தல. ஆனா பேடு நெஜம். உள்பக்கத்துப் பேடு சுத்தமா தேஞ்சிருக்கு, வெளியில இருந்து பாத்தா தெரியாது. மலையில மட்டும் எறக்காதீங்க."

டை கட்டியவன் அனுப்பிய அடுத்த ஆள் என்று நினைத்து, கமிஷன் கடை எதையாவது சொல்கிறாரா என்று ஆழம் பார்த்தாள்.

"சரி, எங்க மாத்துறது? நீங்களே ஒரு கடையச் சொல்லுங்களேன்."

"எங்க வேணா மாத்துங்க. இங்கதான்னு இல்ல."

"அப்ப இதச் சொல்றதுல உங்களுக்கு என்ன லாபம்?"

அந்த ஆளுக்குக் கேள்வியே புரியவில்லை. "லாபமா? தேஞ்சதப் பாத்துட்டு சக்கரத்தத் திரும்ப மாட்டினது நான்தானேக்கா."

அவளுக்குத் தன் லேப் ஞாபகம் வந்தது. பதினாலு டெஸ்டில் ஒன்று மட்டும் நிஜமாகவே பயப்பட வேண்டியதாக இருக்கும். "எல்லாம் காசு புடுங்குற வேலை" என்று திட்டிவிட்டு, அந்த ரிப்போர்ட்டைச் சுருட்டிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்! அந்த ரிசல்ட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்தவள் அவள்தான். ஒருவர் பின்னாலும் வாசல்வரை ஓடியதில்லை. நினைத்ததும் வெட்கத்தில் முகம் எரிந்தது.

"எறங்கும்மா" என்றாள் மகளிடம். "வண்டி இன்னிக்கு வராது."