கணக்கு டீச்சர் வேடம்

ஆசிரியர் தினம் நெருங்கினாலே கணக்கு டீச்சருக்கு இருப்புக் கொள்ளாது. அன்றைக்குப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியர்களாக வேடமிட்டுச் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பது, கல்யாணத்துக்கு முன்பே அவள் வேலைக்குச் சேர்ந்த அந்தப் பள்ளியின் வழக்கம். போன வருடம் ஒரு வாயாடிப் பெண் விளையாட்டு சாரைப் போல நடந்து காட்டியதில், அந்த மனிதர் ஒரு வாரம் பிள்ளைகள் கண்ணில் படாமல் நடமாடினார். இந்த வருடம் அந்த வாயாடி கேட்டு வாங்கியது கணக்கு டீச்சர் வேடம்.

ஆசிரியர் தினத்தன்று காலையில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் அடுப்படியில் நின்றாள் டீச்சர். தான் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதை அந்தப் பெண் காட்டுவாளோ, வார்த்தைக்கு வார்த்தை 'சரியா' போடுவதைக் காட்டுவாளோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. தையல்காரரான அவள் வீட்டுக்காரர் ஊசியில் நூல் கோத்தபடியே, "என்ன டீச்சரம்மா, இன்னிக்குப் பரீட்சை உனக்கா?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரார்த்தனைக் கூட்டத்தில் தலைமையாசிரியை வருடா வருடம் சொல்வதையே சொன்னார். பாடம் நடத்திப் பேர் வாங்கிய ஒரு பெரியவரின் பிறந்தநாளைக் கொண்டாட மாணவர்கள் போனார்களாம். எனக்கு மட்டும் எதற்கு, எல்லா ஆசிரியருக்கும் சேர்த்துக் கொண்டாடுங்கள் என்றாராம் அவர். தன் நாளையே தூக்கிக் கொடுத்த மகராசன், போன இடத்தில் கடவுள் அவரை நல்லபடியாக வைத்திருக்கட்டும். அந்த எல்லாரிலும் நானும் சேர்த்தியா என்று டீச்சருக்குச் சுருக்கென்றது.

மணி அடித்ததும் கால்கள் அவளை ஐந்தாம் வகுப்பு ஜன்னலுக்கு இழுத்துப் போயின. உள்ளே வாயாடி, அம்மாவின் புடவை தடுக்கத் தடுக்கப் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. 'சரியா'வும் வந்தது. வகுப்பே உருண்டு சிரித்தது. இவ்வளவுதானா என்று டீச்சர் மூச்சு விட்டாள், அவளும் கொஞ்சம் சிரித்துக்கூட விட்டாள்.

அப்போது கடைசி பெஞ்சுச் சிறுமி ஒருத்தி எழுந்து, புரியவில்லை என்றாள். வாயாடி திரும்பிக்கூடப் பார்க்காமல் சாக்பீஸால் பலகையைத் தட்டினாள்.

"உனக்கு எதுதான் புரிஞ்சிருக்கு? உக்காரு."

சிரிப்பு இன்னும் பலமானது. குரல், தட்டல், முகம் திருப்பாதது, எல்லாம் அச்சு அசல் கணக்கு டீச்சர். உட்கார்ந்த சிறுமி மட்டும் பெஞ்சின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.

டீச்சர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வகுப்பு சடாரென்று நிமிர்ந்து உட்கார்ந்தது. வாயாடிக்கு முகம் வெளிறியது. டீச்சர் நேராகப் போய் அந்தச் சிறுமியின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, கையை உயர்த்தினாள்.

"எனக்கும் புரியல டீச்சர். இன்னொரு தடவை சொல்லிக் குடுங்க."

வாயாடி சாக்பீஸை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள், பலகையைப் பார்த்தாள். இப்படி ஒருத்தி கேட்டால் கணக்கு டீச்சர் எப்படிச் சொல்லித் தருவார் என்று அவள் பார்த்ததே இல்லை.