மழைக்குள் ஒரு வாய்மொழிப் பரீட்சை

கலாநிதிப் பட்டத்துக்கான வாய்மொழிப் பரீட்சையை நெளுக்குளத்து வீட்டின் படுக்கையறையில் இருந்தபடிதான் எதிர்கொண்டேன். பரீட்சகர்கள் மூன்று பேர், மூன்று நாடுகளில். நிச்சயமாகத் தெரியாதவற்றை வைத்துக்கொண்டு ஓர் இயந்திரம் எப்படி முடிவுக்கு வரலாம் என்பது என் ஆய்வு. வவுனியாவில் விரிவுரையாளராக இருந்துகொண்டே வருடக்கணக்காக அதோடு கிடந்தேன். அன்று என் கணவர் வயலுக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டில் சத்தம் வரும், தண்ணீர் மோட்டரைப் போட வேண்டாம் என்று கேட்கப் போயிருந்தார்.

மத்தியானம் மழை பிடித்தது. பரீட்சகர்களில் ஒருவரான அம்மையார் கேட்டார்: ஒன்றைப் பற்றி எதுவுமே அறியாதபோது உங்கள் இயந்திரம் அதைப் பாதி நம்புமா, அல்லது நம்பிக்கை என்பதே அங்கே இல்லையா? நான் வாயைத் திறக்கவும் மின்சாரம் போகவும் சரியாக இருந்தது. திரையில் மூன்று முகங்களும் உறைந்தன. அம்மையாரின் கண்கள் பாதி மூடியிருந்தன.

தகரக் கூரையில் மழை ஒரே சீராக விழுந்தது. எனக்கு அவசரமே வரவில்லை. மல்லாவிப் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்தபோது, அளவையியல் வகுப்பில் முதன்முதலாக மெய், பொய் என்று இரண்டு நிரல்கள் போட்ட நாள் நினைவில் மிதந்தது. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய எங்கள் வீட்டில் எந்தக் கேள்விக்கும் அப்படித் துப்புரவான பதில் இருந்ததில்லை. அந்த இரண்டு நிரல்களுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அங்கிருந்து அம்மா பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கு மனம் போனது. அதை நான் பார்த்ததே இல்லை.

கணவர் நனைந்தபடி வந்தார்.

“முடிஞ்சுதோ?”

“தெரியேல்லை.”

“உமக்கே தெரியாட்டி ஆருக்குத் தெரியும்? இந்தாரும், என்ர போனில போடும்.”

போனில் மூவரும் நகமளவு முகங்களாகத் திரும்பி வந்தார்கள். காத்திருந்திருக்கிறார்கள். நான் அம்மாவின் தோட்டத்தைச் சொன்னேன். அவர் பிறந்த வீட்டு வாசலில் மரம் நின்றதா என்று கேட்டால், பாதி நின்றது என்று சொல்லமாட்டேன். என் மனதில் அங்கே வாசலே இல்லை. என் இயந்திரமும் அப்படித்தான் வெறுமையாக இருக்கும் என்றேன்.

அம்மையார் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது இதில் இல்லையே, எழுதிச் சேர்த்துவிடுங்கள் என்றார். மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தித் தரும்படி சொல்லி, நான் பரீட்சையில் சித்தியடைந்ததாக அறிவித்தார்கள். அவ்வளவு நேரமும் கணவர் ஈரச்சட்டையோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்களுடைய ஆங்கிலம் அவருக்குப் பிடிபடவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்தார்.

சோறு சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்துவிட்டேன். கண் விழித்தபோது மழை விட்டிருந்தது. யன்னலில் மங்கலான வெளிச்சம்.

“விடிஞ்சிட்டுதோ?” என்றேன்.

“இல்லை, இப்பதான் பொழுதுபடுது. கொஞ்சம் படுத்திரும், தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்.”

குசினி அடுப்பில் கேத்தல் வைக்கும் சத்தம் கேட்டது. எனக்கென்னவோ அது விடியல் போலவேதான் இருந்தது.