பொன்னண்ணன் துண்டும் மாசி மகத்துப் படகுகளும்

மாசி மகத்துக்குக் கடலோரம் போக வழி கேட்டிருந்தீர்கள். நான் போனது எண்பதுகளின் தொடக்கத்தில். சாமி கும்பிட இல்லை, ஓர் ஆளைக் கூட்டிவர. சவ்வாது மலையிலிருந்து சந்தவாசலில் எங்கள் மண்டிக்குப் புளி கொண்டுவரும் பொன்னண்ணன்தான் என்னை இழுத்துக்கொண்டு போனார். அவர் தம்பி சின்னராசு, கட்டுமரத்துக்கு மலைவேம்பு ஏற்றிய லாரியோடு கடலூர்ப் பக்கம் போனவன், இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. மீன் பிடிக்கிறானாம். ஊரை விட்டுப் போனபோது நீச்சல் தெரியாத பயல்.

"கடலு எப்போ வேணா முழுங்கிடும் தம்பி. இந்தத் தபா வூட்டுக்கு இட்டாந்துடணும்" என்றார்.

விடியுமுன் கிளம்பி போளூர், திருவண்ணாமலை, விழுப்புரம் என்று பஸ் மாறினோம். போளூரிலிருந்து திருவண்ணாமலை முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். அதற்கே ஒன்றரை மணி நேரம் உருட்டினான் அந்த டிரைவர் மகராசன். சின்னராசு இருந்த மீனவர் குப்பத்துக்குப் போய்ச் சேர மதியம் தாண்டிவிட்டது. தீர்த்தவாரி முடிந்து படகு ஊர்வலம் தொடங்கியிருந்தது.

முன்னால் துறைமுகத்து உயிர்காப்புப் படகு, பக்கவாட்டில் சிவப்பு மிதவை வளையங்களோடு. அதன் பின்னால் மஞ்சள் பூசி வாழைக்கன்று கட்டிய பாய்ப் படகுகள். கடைசியில் கட்டுமரங்கள். ஒரு கட்டுமரத்தில் நின்றபடி துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான் சின்னராசு.

பார்த்ததுதான் தாமதம், பொன்னண்ணன் தோள்துண்டை உருவித் தலைக்கு மேல் சுழற்ற ஆரம்பித்தார். குரல் எட்டாத மலைச்சரிவில் அதுதான் வழக்கம். துண்டு சுழன்றால் 'திரும்பி வா' என்று பொருள். கடலோரத்தில் அதற்கு 'ஆபத்து' என்று பொருளாம். எங்களுக்கு எப்படித் தெரியும்?

உயிர்காப்புப் படகு சட்டென்று திரும்பியது. பின்னாலேயே அத்தனை படகுகளும். ஊர்வலம் கலைந்து கரையை நோக்கிப் பாய்ந்து வந்தது. சின்னராசு கட்டுமரம் கரை தட்டும்வரை பொறுக்காமல் குதித்து நீந்தியே வந்துவிட்டான்.

"இன்னாண்ணா ஆச்சு? அம்மாவுக்கு எதுனா?"

"யாருப்பா முழுகினது?" என்று உயிர்காப்புப் படகுக்காரர் கத்தினார்.

"யாரும் முழுவலைங்க. தம்பியத்தான் கூப்ட்டேன்."

அடி விழும் என்றே நினைத்தேன். அவர் பொன்னண்ணனை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா கூப்ட்ட போ" என்று சிரித்துவிட்டுப் படகைத் திருப்பினார். ஊர்வலம் மறுபடி முதலிலிருந்து நடந்தது.

சாயங்காலம் சின்னராசு மீனும் சோறும் வாங்கித் தந்தான். பொன்னண்ணன் வந்த விஷயத்தைப் பேசவே இல்லை. அவன் கை கழுவப் போனதும் எரிச்சலோடு கேட்டேன், இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று.

"எங்கப்பன் பள்ளத்துல வுழுந்தப்போ பொழுது சாயறவரைக்கும் துண்டு சுத்தனேன் தம்பி. ஒரு ஆளு வர்ல. இங்க ஒரு சுத்துக்கு ஊரே வருது. அவன் இங்கியே இருக்கட்டும்."

 அதற்குள் சின்னராசு கை துடைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

போகிறவர்கள் மதியத்துக்குள் போய்ச் சேருங்கள், அப்போதுதான் ஊர்வலத்தை முதல் படகு தொட்டுக் கடைசிவரை பார்க்கலாம். திரும்பும் பஸ்ஸில் இடம் பிடிக்க முண்டியடிக்க வேண்டும். எங்களுக்குச் சின்னராசுதான் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தான்.

பஸ் நகர்ந்தபோது அவன் கீழே நின்று கையசைத்தான். பொன்னண்ணன் பதிலுக்கு அசைக்கவில்லை. துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "எடுத்தன்னா வந்துடுவான் தம்பி" என்றார்.