நார்மல் என்று சொன்னேன்

உத்தமபாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் நாள், ஊசியோடு நரம்பைத் தடவித் தேடிக்கொண்டே நின்றேன். முதலாளி சிரித்தார்.

"ஏலே, பயப்படாத. விசா மெடிக்கலுக்கு வர்றவன் பூராம் காளை மாதிரி இருப்பான். நரம்பு தானா எந்திரிச்சு நிக்கும்."

உண்மைதான். உடம்பில் தெம்புள்ளவன்தானே வெளிநாடு கிளம்புகிறான்! அங்கேயே குடியேறி, பத்து வருஷம் கழித்து லீவில் வந்து கை நீட்டும்போதுதான் நரம்பைத் தேட வேண்டியிருக்கும்.

அப்படி வந்தவர் காதர். குடும்பத்தோடு கனடாவில் குடியேறி லாரி ஓட்டினார். நாளெல்லாம் சீட்டிலேயே இருப்பு, குளிரில் நடை கிடையாது, டாக்டரைப் பார்க்கவும் நேரம் இல்லை. ஊருக்கு வரும்போது எங்களிடம் ஃபுல் செக்கப் செய்துகொள்வார். மூன்றாவது தடவை சுகர் முந்நூறைத் தாண்டியிருந்தது, கொழுப்பும் ஏறியிருந்தது.

எங்கள் பக்கம் ரிப்போர்ட் வாங்க, வீட்டில் யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் வருவார்கள். அன்று வந்தது காதரின் அம்மா. அதற்கு முன்பே காதர் போன் செய்துவிட்டார்.

"அண்ணே, அம்மா வர்றாக. நார்மல்னு சொல்லிருங்க. இல்லேன்னா என்னைய விடமாட்டாக. புள்ளைக படிப்பு அங்கன கெடக்கு. நான் போய் வைத்தியம் பாத்துக்கிறேன்."

அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். "ஒளிக்காமச் சொல்லுங்க தம்பி. கொஞ்சம் கோளாறுன்னாலும் அவன அனுப்பமாட்டேன். இங்கனயே கெடக்கட்டும்."

"எல்லாம் நார்மல்மா" என்று சொல்லி, ஒட்டிய கவரைக் கொடுத்தேன். அவருக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. மகனைப் பிடித்து வைக்க ஒரு காரணம் கிடைக்கும் என்று நம்பி வந்திருந்தார் போல.

எட்டு மாதம் கழித்து அந்த அம்மாவே வந்தார். காதருக்கு லாரியிலேயே மாரடைப்பு. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

"மொகத்த போன்லதான் காட்டுனாக தம்பி" என்றார். நான் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை.

"அன்னைக்கு எடுத்தீகளே, அவன் ரத்தம். அதுல கொஞ்சமாச்சும் இங்கன இருக்குமா?"

"அப்பவே கழிச்சிட்டோம்மா."

தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

லேபில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். யார் கெஞ்சினாலும் பொய் சொல்லாதீர்கள். சொல்ல வாய் வராவிட்டால் டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள். அன்று அந்த அம்மாவை நான் அனுப்பியிருந்தால், காதர் இந்த ஊரில் அம்மாவோடு தினமும் சண்டை போட்டுக்கொண்டு இருந்திருப்பார். அந்தச் சண்டையைக் கேட்க எனக்கு இன்னும் ஏக்கமாக இருக்கிறது.