பக்கத்துக் கட்டில்காரனின் பெல்ட்

விலா எலும்பு உடைந்தவனுக்கு மூச்சு விடுவதே முழுநேர வேலை. இரும முடியாது, தும்ம முடியாது, எவனையும் வாய் நிறையத் திட்ட முடியாது. எனக்கு அந்தக் கடைசிக் குறைதான் பெரிது.

பேய் என்றால் காறித் துப்புகிற ஆள் நான். ஆனாலும் இது நடந்தது. காய்ச்சலில் உளறுகிறான் என்கிறவர்கள் ஒரு நாள் மூட்டை தூக்கிவிட்டு வந்து சொல்லட்டும்.

சிமெண்டு மூட்டை அடுக்கு என் மேல் சரிந்ததில் இடப்பக்கம் மூன்று எலும்பு போயிற்று. மார்பைத் திறந்து, தகடு வைத்து முடுக்கினார்கள்.

"நெஞ்சை எதையும் வச்சு இறுக்கிக் கட்டாதீங்க அண்ணே," என்றார் சிஸ்டர். "தையல்ல அழுக்கும் ஈரமும் பட்டா சீழ் பிடிக்கும். அது தகடு வரைக்கும் இறங்கினா உயிருக்கே ஆபத்து."

யார் கேட்டது? எங்கள் ஆட்களுக்கு எந்த வலிக்கும் ஒரே வைத்தியம் பெல்ட். சுமை தூக்கும்போது இடுப்பில் கட்டுகிற அகலமான கித்தான் பட்டை. எங்கள் மேஸ்திரி, வேலைக் கொட்டகை ஆணியில் தொங்கிய ஒன்றை எடுத்து வந்தான்.

"இறுக்கிக் கட்டுடா, வலி ஓடிடும். சீக்கிரம் வரலன்னா உன் இடத்துல வேற ஆள்."

பெரிய தயாள பிரபு.

நெஞ்சில் கட்டினேன். வலி குறைந்தது. காலையில் சிஸ்டர் மருந்து வைக்க வருவதற்குள் அவிழ்த்துத் தலையணைக்கடியில் ஒளித்துவிடுவேன். படித்தவர்களை ஏமாற்றிய பெருமை வேறு.

ஐந்தாம் நாள் மத்தியானம் உடம்பு உதறியது. தையலடியில் ஏதோ கசிந்தது... சொன்னால் பெல்ட் போகும். பெல்ட் போனால் எழுந்திருக்க முடியாது. வேலையும் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

பக்கத்துக் கட்டில் நான் வந்ததிலிருந்து காலி. மெத்தையைச் சுருட்டி வைத்திருப்பார்கள். இப்போது அதன் மேல் ஒருவன் உட்கார்ந்திருந்தான். எங்கள் தொழில்காரன்தான், கால் முழுக்கச் சிமெண்டு. அந்தக் காலோடு உள்ளே விட்ட வாட்ச்மேனை மனதுக்குள் திட்டினேன்.

"கழட்டு," என்றான்.

"எதை?"

"என் பெல்ட்டை."

"போய்யா. மேஸ்திரி குடுத்தது."

"கடைசிக் கொக்கி உடைஞ்சப்போ கம்பி வளைச்சுப் போட்டது நான். தடவிப் பாருடா கழுதை. பொதி சுமக்கத்தான் லாயக்கு நீ."

தடவினேன். கம்பி.

கிர்ர்... கிர்ர்... அவன் மூச்சு. ஆனால் நெஞ்சு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

ஃபேன் காற்றில் என் போர்வை படபடத்தது. அவன் சட்டை ஆடவில்லை.

அழுகல் வாடை...

அவன் கை நீட்டினான்.

கத்தினேன்.

சிஸ்டர் ஓடி வந்தபோது பக்கத்தில் சுருட்டிய மெத்தை மட்டும்தான் இருந்தது. என் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். பெல்ட்டைக் கத்தரியால் வெட்டிக் கழிவுத் தொட்டியில் போட்டார். அடியில் சீழ். அன்றே மறுபடி திறந்து கழுவினார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் தகட்டைத் தொட்டிருக்கும் என்றார் டாக்டர்.

ஒரு வாரம் கழித்து மேஸ்திரி கையை வீசிக்கொண்டு வந்தான்.

"அது யாரோட பெல்ட்?" என்று கேட்டேன்.

"உனக்கு முன்னாடி இருந்தவனோடது. அவனுக்கும் விலாதான், இதே வார்டுதான். அதைக் கட்டிக்கிட்டே கிடந்தான், சீழ் பிடிச்சுப் போயிட்டான். நல்ல கித்தான், வீணாப் போகுதேன்னு பொணத்துல இருந்து நான்தான் கழட்டினேன். எங்க அது?"

"கழிவோட சேர்த்து எரிச்சுட்டாங்க."

செத்தவனைச் சொன்னபோது மாறாத முகம் அப்போது சுண்டிப் போயிற்று. த்தூ.

வேலைக்குத் திரும்பியதும் செத்தவனுக்கென்று புது பெல்ட் ஒன்று வாங்கிக் கொட்டகையின் அந்த ஆணியில் மாட்டினேன். மறுநாள் அது தரையில் கிடந்தது. மறுபடி மாட்டினேன். மறுபடியும் தரையில்.

அவன் கேட்டது அதையல்ல.

அவனுக்கு நான் ஒரு பெல்ட் பாக்கி. கடைசிக் கொக்கியில் கம்பி வளைத்தது.