ஆழம் இறங்காத புண்

போன மாசியில் எனக்கு வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். அதைச் சொல்லி அழ ஆள் இல்லை. எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டு வந்தவன் நான். நீடாமங்கலம் பக்கம் வயல் வயலாகப் போய்க் கை போர், அதாவது கையாலேயே துளை போட்டுக் குழாய்க் கிணறு, இறக்குவது தொழில். தூங்குவது மோட்டார் கொட்டகையில்.

வயிற்று எரிச்சலைச் சோடா குடித்தே ஓட்டினேன். மலம் கறுப்பாகப் போன பிறகுதான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஆரம்பம் போலத் தெரிகிறது, குழாய் வழியாகவே சீவி எடுக்கலாம் என்றார் டாக்டர்.

"ஆண்டவரே, புண் சின்னதாக இருக்கட்டும்" என்று ஜெபித்தேன்.

சீவி எடுக்கிற அன்று நர்ஸ் கேட்டார்: "கூட யாரு வந்திருக்கா?"

"ஆண்டவர்தாம்மா."

"அவரு ஃபார்ம்ல கையெழுத்துப் போடுவாரா?"

பக்கத்து நாற்காலியில் மனைவிக்காகக் காத்திருந்த அதிராம்பட்டினத்துக் காசிம் பாய் சிரித்துவிட்டார். "கொடும்மா, நான் போடுறேன். உறவு என்னன்னு எழுத?" என்னைப் பார்த்தார். பிறகு அவரே 'அண்ணன்' என்று எழுதினார்.

சீவி எடுத்த பிறகு டாக்டர், "ரெண்டு விரல் அகலம் இருந்துச்சு" என்றார். என் ஜெபம் கேட்கப்படவில்லை என்று உடைந்துபோனேன்.

"அகலத்த விடுங்க. எவ்வளவு ஆழம் எறங்கியிருக்குன்னுதான் பாக்கணும். மேல் தோலோட நின்னிருந்தா இதோட போச்சு. அடுத்த அடுக்குக்குள்ள போயிருந்தா வெளிய பரவியிருக்கலாம், வயித்தயே வெட்ட வேண்டி வரலாம். ரிசல்ட் வர பத்து நாளாகும்."

வெட்கமாக இருந்தது. போர்க் குழியின் வாய் ஒரு சாண்தான். உள்ளே நூறு அடி போகும். அது தெரிந்த நானே ஆண்டவரிடம் அகலத்துக்காக மன்றாடியிருக்கிறேன்.

பத்து நாளும் கொட்டகையில் கிடந்தேன். அறுத்த வயலில் உளுந்து பூத்திருந்தது. சுற்றிலும் ஒரு மனிதக் குரல் கிடையாது. வெட்டி எடுத்தாகிவிட்டதே, இனி ஜெபித்து என்ன என்று தோன்றியது. ஆனாலும் ஆழத்துக்காக ஜெபித்தேன்.

கடைசி நாள், அன்று என் நம்பரை வாங்கிப் போயிருந்த பாயிடமிருந்து போன் வந்தது. "தம்பி, நாளைக்குத்தானே ரிசல்ட்டு? நானும் வர்றேன். கையெழுத்துப் போட்டவன்ல!"

"மேல் தோலோட நின்னுருச்சு, வெட்டின ஓரமும் சுத்தம்" என்றார் மறுநாள் டாக்டர். "ஆனா சொன்ன தேதிக்கெல்லாம் வந்து காட்டணும்." பாய் அழுதார். நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

இப்போது எந்த ஊரில் போர் இறக்கினாலும் அந்தத் தேதிக்குத் தஞ்சாவூர் போய்விடுகிறேன். பாயும் வந்துவிடுகிறார். நான் கேட்கத் தெரியாமல் விட்ட ஓர் அண்ணனையும் ஆண்டவர் தந்தார். வயிற்று வலியைச் சோடாவில் மறைத்துக்கொண்டு தனியாக இருக்கிறவர்களே, ஜெபித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுப் போங்கள். கையெழுத்துப் போட ஓர் ஆளை அவர் அங்கே உட்கார வைத்திருப்பார்.