பாம்வெசிகேயின் இருபது விநாடிகள்

எத்தனையோ பாடங்களை இணையத்தில் ஏற்றிவிட்டாள் கியாரிசீமா. ஆனாலும் ம்பராராவில் மழை ஓய்ந்த மாலைகளில் அவளுக்கு நினைவு வருவது அந்த முதல் பாடம்தான். தகரக் கூரை அறை, ஒரே கணினி, பக்கத்து நாற்காலியில் கால்நடை மருத்துவ விரிவுரையாளர் பாம்வெசிகே.

அவர் கேமரா முன்னால் நின்று பாடம் நடத்துவார். கைபேசியில் படிப்பவர்களுக்குத் தோதாக அவள் அதை வெட்டி ஒழுங்குசெய்ய வேண்டும். பாட வடிவமைப்பாளர் என்று பெயர். வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். இந்தப் பாடத்துக்கு அவர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிரந்தரம்.

வெட்டியதைப் போட்டுக் காட்டினாள். அவர் முகம் சுருங்கியது.

"கேள்வி கேட்டுட்டு நிறுத்துவேனே, அது எங்கம்மா?"

"சும்மா நின்ன இடத்தையெல்லாம் எடுத்துட்டேன், செபோ. ஒவ்வொண்ணும் இருபது விநாடி. படிக்கிறவங்க டேட்டா வீணாகுமில்ல?" அவர்கள் பேச்சில் 'செபோ' என்றால் 'ஐயா'.

"சும்மாவா? 'மாடு இரை எடுக்கல, மூக்குல நீர் வடியுது, முதல்ல எங்க தொட்டுப் பாப்பே?'ன்னு கேட்டு நானே பதிலும் சொன்னா, நான் வாத்தியாரா, ரேடியோவா? இதுல என் பேரைப் போடாதே."

"கேமராவா உங்களுக்குப் பதில் சொல்லப்போவுது?" வாய் தவறி வந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. "கடைசி பெஞ்சுல ஒருத்தி இருப்பா. அவ வாயைத் திறக்க அவ்வளவு நேரம் ஆகும்."

கியாரிசீமாவுக்குச் சுருக்கென்றது. கல்லூரியில் அவள் பதிலைக் கோத்து முடிப்பதற்குள் வகுப்பு தாண்டிப்போன நாட்கள்தான் எத்தனை! அதே வேலையைத்தானே இப்போது தானும் செய்திருக்கிறோம்?

"படத்தையே நிறுத்திடலாம் செபோ. பதில் எழுதினாத்தான் மேல ஓடும். நின்ன படத்துக்கு டேட்டாவும் போகாது."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"அவங்க எழுதுற வரைக்கும்."

"என்னைவிட உனக்குப் பொறுமை ஜாஸ்தி!"

பதினொரு கேள்விகள், மூன்று நாள். பால் தேநீர் ஆற ஆறச் சண்டை. அவர் கேள்வியை நீட்டுவார், அவள் குறைப்பாள்.

வெள்ளோட்டத்தில் இபாண்டாவிலிருந்து ஒரு மாணவி முதல் கேள்விக்கு வந்தாள். படம் நின்றது. அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி மட்டும். ஐந்து நிமிடம். ஏழு.

"போயிட்டாளோ?" என்றாள் கியாரிசீமா.

"உஷ்! யோசிக்கிறா."

ஒன்பதாவது நிமிடம் பதில் வந்தது: 'காதுக்குக் கீழே, நெறி கட்டியிருக்கா என்று.'

பாம்வெசிகே திரையைப் பார்த்தபடியே, கையெழுத்துப் போட பேனாவுக்குக் கை நீட்டினார்.